ஒழுகிற மெசின்: திருத்துவமா, மாத்துவமா?

வன்னியில் ஒரு வீட்டில வோஷிங் மெசின் ஒழுகத் தொடங்கினால் அந்த வீட்டுக்குள்ள இரண்டு கட்சி உருவாகும். ஒரு கட்சி, "பொடியனைக் கூப்பிட்டுக் காட்டுவம், ஒரு வாசர்தான் போயிருக்கும்" என்று சொல்லும். மற்றக் கட்சி, "உதுக்குக் காசைக் கொட்டாமல் புதுசு எடுங்கோ, தவணையில குடுக்கிறாங்கள்தானே" என்று சொல்லும். முதல் கட்சியில் பெரும்பாலும் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இருப்பினம். இரண்டாவதில் அநேகமாக எங்கட வயசு ஆட்கள்.

இந்த இரண்டு கட்சிக்கும் பின்னால் இரண்டு காலம் இருக்கு. ஒன்று, எதையுமே மாற்ற முடியாமல் இருந்த காலம். மற்றது, எதையுமே திருத்த முடியாமல் போன காலம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு இரண்டும் கதையாகத்தான் கிடைத்தது. ஆனால் இன்றைக்கும் கடை வாசலில நின்று முடிவெடுக்கும்போது அந்தக் கதைகள்தான் பின்னால் நின்று பேசுது. அதால இந்த முறை ஒரு ஒழுக்கைப் பிடித்துக்கொண்டு வரலாற்றுக்குள்ள போய்ப் பார்ப்பம்.

மெசினுக்கு முதல் தோய்ச்சது ஆர்?

மெசினைப் பற்றிப் பேசமுதல் உடுப்புத் தோய்க்கிற வேலையைப் பற்றிப் பேச வேணும். வடக்கில் நீண்ட காலமாக அது சாதியால் பங்கிடப்பட்ட வேலை. வண்ணார் சமூகத்தவர்களைத்தான் ஊரில 'கட்டாடி' என்று அழைத்தார்கள். அழுக்கு உடுப்பு எடுத்துப்போய் உவர்மண் போட்டு, வெள்ளாவியில அவித்து, குளத்துக் கல்லில அடித்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் மீது சுமத்தப்பட்ட கடமை. சாமத்தியவீடு, கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும் வெள்ளை கட்டுவதும் அவர்கள்தான். இவ்வளவையும் செய்தவர்களை வீட்டு விறாந்தையில் ஏறவிடாத சமூகம் எங்கட சமூகம்.

அந்த முறை உடைந்தது நல்லது. அதைத் திரும்பக் கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. ஆனால் உடைந்த பிறகு அந்த வேலை எங்கே போனது என்று பார்க்க வேணும். அது வீட்டில இருந்த பெண்களின் கையில் வந்து விழுந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய புத்தகத்தில் இதே மாதிரி ஒரு விசயத்தைக் காட்டுகிறார். அமெரிக்காவில் முந்தி வெளியில் கொடுத்துத் தோய்ப்பித்த குடும்பங்கள் மெசின் வந்தபிறகு அதை வீட்டுக்குள்ளேயே செய்யத் தொடங்கின. ஒரு தடவைக்கான கஷ்டம் குறைந்தது, ஆனால் வேலை முழுக்க அம்மாவின் தலையில் வந்தது. உடுப்பு அடிக்கடி மாற்றுகிற பழக்கமும் கூடியது.

வன்னியில இடையில ஒரு வித்தியாசம் இருந்தது. இங்கே வேலை பெண்களிடம் வந்து பல வருசம் ஆகியும் மெசின் வரவில்லை. கரண்டும் வரவில்லை. ஒரு கட்டத்தில் சவர்க்காரமே வரவில்லை.

மாற்ற முடியாத காலம்

1990 யூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதோடு வடக்கின் புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பொருட்கள் போவதை அரசாங்கம் தடுத்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, பற்றறி, உரம் என்று பட்டியல் நீண்டது. சவர்க்காரமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. காலத்துக்குக் காலம் பட்டியல் மாறினாலும் ஏறக்குறைய 12 வருசம், 2002 சனவரி வரை, தடை ஏதோ ஒரு வடிவத்தில இருந்தது. வவுனியா ரவுணில கடையில தொங்கிற ரோச் பற்றறி, தாண்டிக்குளத்துக்கு அங்கால போகாது. சில கிலோமீற்றர் தூரத்துக்குள்ள ஒரே பொருளுக்கு இரண்டு உலகம்.

மாற்ற ஏலாது என்றால் மிச்சம் இருப்பது திருத்துவது மட்டும்தான். அந்தக் காலத்து ஆட்களிடம் கேட்டால் ஒரு முழுப் பாடப்புத்தகம் வாய்வழியாக வரும்.

பெற்றோல் மோட்டார்சைக்கிளையும் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவாக ஆவியாகாது, ஸ்ராட் வராது. அதனால முதலில் சில துளி பெற்றோல் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை அடித்துக்கொண்டுதான் ஓடும், ஆனால் ஓடும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வாற கரண்டில் றேடியோச் செய்தி கேட்டார்கள். ரோச் பற்றறி இறங்கினால் வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் உயிர் எடுத்தார்கள். ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்ட விளக்கில படித்து ஓ.எல். பாஸ் பண்ணினவர்கள் இன்றைக்கு எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள்.

உடுப்புத் தோய்க்கிற கதை இன்னும் விசித்திரம். சவர்க்காரம் கிடைக்காத நேரம் பனம்பழத்தைத் தண்ணியில் பிசைந்து, அந்தக் களியில் உடுப்பைத் தோய்த்தார்கள். அழுக்கு ஓரளவு போகும். ஆனால் வாசம் போகாது. கொடியில காயப்போட்ட சேட்டை மாடு வந்து சப்பிப்போட்டுப் போன கதை வடக்கில அந்தக் காலத்தைக் கடந்த வீடுகளில சிரிப்போட சொல்லப்படும்.

சிரிப்போட சொன்னாலும் இதைக் கொண்டாட்டமாக்கக் கூடாது. அதே தடைதான் மருந்தையும் மட்டுப்படுத்தியது. திருத்தத் தெரிந்ததால் ஆட்கள் தப்பினார்கள் என்பது உண்மை. திருத்துகிற நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள் என்பதும் உண்மை. 'எங்கட ஆட்கள் எதையும் செய்வாங்கள்' என்று பெருமை பேசும்போது இரண்டாவது உண்மையை நாங்கள் விட்டுவிடுகிறோம்.

கியூபாவில் ஒரு மெசின்

இதே காலத்தில் உலகத்தின் மறுபக்கம் இன்னொரு தீவிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1991இல் சோவியத் யூனியன் உடைந்தபிறகு கியூபாவுக்கு எண்ணெயும் உதிரிப்பாகமும் வாறது நின்றது. அமெரிக்கத் தடை ஏற்கெனவே இருந்தது. அங்கே பல வீடுகளில் 'அவுரிக்கா' என்ற சோவியத் வோஷிங் மெசின் இருந்தது. தோய்க்கிற தொட்டி ஒன்று, பிழிகிற தொட்டி ஒன்று. பாகம் கிடைக்காமல் மெசின் நின்றபோது, அதன் பிழிகிற மோட்டரைக் கழற்றி மின்விசிறி செய்தார்கள். திறப்பு வெட்டுகிற மெசின் செய்தார்கள். தேங்காய் துருவவும் பாவித்தார்கள். 1992இல் கியூப இராணுவமே மக்களின் இப்படியான கண்டுபிடிப்புகளைத் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டது. பின்னாளில் ஏர்னஸ்தோ ஒரோசா என்ற வடிவமைப்பாளர் இதற்கு 'தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை' என்று பெயர் வைத்தார். கொம்பனி ஒரு பொருளைச் செய்யும்போது, 'இது இதுக்குத்தான், இப்படித்தான் திறக்க வேணும், திறக்கக் கூடாது' என்று ஒரு கட்டளையும் அதோட வருது. அந்தக் கட்டளையை மீறுவதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

டைனமோவில் றேடியோ கேட்ட எங்கட ஆட்களும் அதே மீறலைத்தான் செய்தார்கள். ஆனால் அந்த அறிவு பெரும்பாலும் வாயிலும் கையிலும்தான் நிற்குது. அந்தக் கைகளுக்கு இப்ப வயசு போகுது.

திருத்த முடியாத காலம்

2002இல் தடை நீங்கி, யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்து, ஏ9 திறந்தபோது பொருட்கள் வந்து குவிந்தன. புதுச் சைக்கிள், ரி.வி., ஜெனரேற்றர். ஆனால் 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடியது. 2008இல் கிளிநொச்சி மேற்கிலிருந்து இடப்பெயர்வு தொடங்கியது.

இடம்பெயர்ந்தவர்கள் முதலில் எல்லாத்தையும் கொண்டுபோனார்கள். உழவு இயந்திரப் பெட்டியில கூரைத் தகரம், ஓடு, கதவு, நிலை, தையல் மெசின், தண்ணிப் பம். வீட்டைக் கழற்றி ஏற்றினார்கள் என்று சொல்லலாம். திரும்பப் பூட்டலாம் என்ற நம்பிக்கையில்தான் கழற்றினார்கள். திருத்துகிற மனசின் கடைசி வடிவம் அது. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். முள்ளிவாய்க்காலைத் தாண்டி வரும்போது பலரிடம் இருந்தது ஒரு பை. சிலரிடம் அதுவும் இல்லை. விட்டுப்போனது பொருள் மட்டும் இல்லை என்பதை இங்கே எழுதித் தெரியத் தேவையில்லை.

போர் முடிந்தபிறகு முல்லைத்தீவுப் பக்கம் மலைமலையாகக் குவிந்து கிடந்த எரிந்த வாகனங்களையும் சைக்கிள்களையும் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி பழைய இரும்பாகப் போனது. 1990களில் ஒரு ரயருக்கு, ஒரு செயினுக்கு அலைந்து திருத்தி வைத்திருந்த சைக்கிள்கள் கிலோக் கணக்கில் நிறுக்கப்பட்டன.

கிளிநொச்சி ரவுணில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி வேறொரு விதி கண்டது. அதைத் திருத்தவும் இல்லை, உடனே அகற்றவும் இல்லை. ஏ9 ஓரத்தில் தெற்கிலிருந்து வாற சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற காட்சிப் பொருளாகப் பல வருசம் வைத்திருந்தார்கள். ஒரு பழுதைத் திருத்துவது, மாற்றுவது தவிர மூன்றாவதாகவும் ஒன்று செய்யலாம். அதை வைத்து வேறொருவருடைய கதையைச் சொல்லலாம்.

தவணையில் வந்த வீடு

மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. மீள்குடியேறியவர்கள் கரண்டியிலிருந்து கூரை வரை எல்லாத்தையும் புதுசாக வாங்க வேண்டியிருந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்கள். சீமெந்து, மணல், கூலி விலைக்கு அது போதாமல் பல குடும்பங்கள் கடன்பட்டு வீட்டை முடித்தன. லக்சபான கரண்ட் ஊர் ஊராக வந்தது. கரண்டோட லீசிங் கொம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. பிரிட்ஜ், ரி.வி., வோஷிங் மெசின் எல்லாம் தவணையில் வீட்டுக்குள்ள நுழைந்தது.

எங்கட தலைமுறை வளர்ந்தது இந்த வீடுகளுக்குள்ளதான். அதனால எங்களுக்குப் 'பொருள்' என்றால் புதுசாக, பெட்டியோட, தவணை அட்டையோட வாற ஒன்று. அப்பப்பாவுக்குப் பொருள் என்றால் கழற்றிப் பூட்டுகிற ஒன்று.

இந்த மெசினை ஆடம்பரம் என்று ஆரும் சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். கணவனை இழந்த, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடுகிற, தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள் நிறையப் பேர் வன்னியில் இருக்கிறார்கள். விடிய எழும்பித் தண்ணி அள்ளி, தோய்த்து, பிறகு ஆடைத் தொழிற்சாலை பஸ் பிடிக்கிற ஒருவருக்கு அந்த மெசின் நேரத்தைத் திருப்பிக் கொடுக்குது. ஆனால் அந்த நேரத்தைத் தவணைக் காசு திருப்பி எடுத்தால் கணக்கு என்ன? கிழமைக் கடனுக்கு ஆள் வந்து படலையில் நிற்கிற அவமானம் இந்த ஊர்களுக்குத் தெரியும். 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது முற்றியிருந்தது. ஆகவே 'புதுசு எடுங்கோ' என்பது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. பழைய தவணை முடியாத வீட்டில அது அடுத்த கடன்.

எங்கை ஒழுகுது?

இப்ப மெசினுக்கு வருவம். திருத்துவதா மாத்துவதா என்று சண்டை பிடிக்கமுதல் ஒழுக்கு எங்கே என்று பார்க்க வேணும். பிளக்கைக் கழற்றி, நிலத்தைத் துடைத்துக் காயவிட்டு, கீழே பழைய பேப்பர் விரித்துப்போட்டு, பிறகு ஒரு தடவை ஓடவிட்டுத் தள்ளி நின்று கவனித்தால் மெசினே சொல்லும்.

தண்ணி நிரம்பும்போதே ஒழுகினால் பெரும்பாலும் பின்பக்கக் குழாயின் ரப்பர் வாசர் அல்லது அந்தக் குழாய். மலிவான வேலை, வீட்டிலேயே மாற்றலாம். தோய்க்கும்போது முன்கதவால் வந்தால் கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது அதுக்குள்ள ஊசியோ காசோ மாட்டியிருக்கும். முன்கதவு மெசினுக்குக் கையால் தோய்க்கிற பவுடரைப் போட்டால் நுரை பொங்கி வெளியில வரும். அதுக்குப் பவுடரை மாற்றினால் சரி. வடியும்போது ஒழுகினால் பம் அல்லது வடிகுழாய். இரட்டைத் தொட்டி மெசின் என்றால் வடிகிற வால்வில நூல், மண் அடைத்திருக்கும். பிழியும்போது மட்டும் ஒழுகி, கூடவே பெரிய இரைச்சலும் வந்தால் ட்ரம்மின் பின்பக்க சீலும் பெயாரிங்கும் போயிருக்கக் கூடும். செலவு பிடிக்கிற பழுது அதுதான்.

எங்கட கிணத்துத் தண்ணியும் இதில ஒரு பங்காளி. கேத்திலுக்குள்ள வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்புதான் மெசினுக்குள்ளும் படிந்து ரப்பரை விறைக்க வைக்குது. கேத்திலுக்குத் தேசிக்காய் போட்டுக் கொதிக்கவைத்த அம்மம்மாவின் வைத்தியத்தில் உள்ள சிற்றிக் அமிலம், கடையில் தூளாகவும் கிடைக்கும். இடைக்கிடை அதைப் போட்டு வெறும் மெசினைச் சுடுதண்ணியில ஓடவிடலாம். ஒன்று மட்டும் விளையாட்டில்லை: ஒழுகிற தண்ணியும் கரண்டும் சேர்ந்தால் உயிராபத்து. ஏர்த் வயரும் ட்ரிப் சுவிட்சும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் ஒழுகிற மெசினைப் பாவிக்கக் கூடாது.

பொதுவாகச் சொல்லுகிற விதி ஒன்று உண்டு: திருத்தச் செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று. நல்ல விதிதான், ஆனால் அது கையில் முழுக்காசு இருக்கிற ஆளுக்கு எழுதப்பட்ட விதி. தவணையில் எடுக்கிறவர் வட்டியோட சேர்த்த விலையின் பாதியைத்தான் பார்க்க வேணும். அப்ப கோடு மேல போகும், திருத்துவது இன்னும் கனபேருக்குச் சரியாக வரும்.

பாகம் ஆரிட்ட இருக்கு?

எங்கட குழுவில் ஒருவரின் வீட்டு மெசின் போன வருசம் ஒழுகத் தொடங்கியது. பிழியும்போது ஒழுக்கு, கூடவே இரைச்சல். வாங்கின கடையில், "இந்த மொடலுக்குப் பாகம் இல்லை, புதுசு எடுங்கோ" என்று மட்டும் சொன்னார்கள். ஊரில திருத்துகிற அண்ணை கழற்றிப் பார்த்தார். பெயாரிங் ஒரு சாதாரண அளவு, ஹாட்வெயார் கடையிலேயே கிடைத்தது. சீலை வவுனியாவில தேடி எடுத்தார். மெசின் இன்னும் ஓடுது. அது திறக்கக்கூடிய ட்ரம் என்பதால்தான் இது நடந்தது. இப்ப வாற பல மெசின்களில் வெளித் தொட்டியின் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். சின்ன சீலை மாற்ற முழுத் தொட்டியையும் வாங்க வேணும். அப்ப திருத்துவதா மாத்துவதா என்ற முடிவை நாங்கள் எடுக்கமுதலே தொழிற்சாலை எடுத்துவிட்டது.

இது புதுசில்லை. 1924இல் உலகின் பெரிய மின்குமிழ்க் கொம்பனிகள் ஜெனீவாவில் கூடி 'ஃபீபஸ்' என்ற கூட்டமைப்பை உருவாக்கி, குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலமாக மட்டுப்படுத்தின. அதை மிஞ்சி எரிகிற குமிழ் செய்த கொம்பனிக்குத் தண்டம். இதுக்கு எதிர்த் திசையிலும் வரலாறு நகருது. 2021 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் வோஷிங் மெசின் விற்கிற கொம்பனி, அந்த மொடலின் கடைசி மெசினைச் சந்தைக்கு விட்டபிறகும் குறைந்தது 10 வருசம் முக்கியமான உதிரிப்பாகங்களைக் கொடுக்க வேணும். பிரான்சில் அதே வருசம் முன்கதவு மெசின்களுக்குத் 'திருத்தக்கூடிய தன்மைப் புள்ளி' போட்டு விற்கச் சட்டம் வந்தது. எங்கட கடைகளிலும் வாங்குகிறவர் நிறத்தைப் பற்றிக் கேட்கமுதல், 'பாகம் எத்தனை வருசத்துக்குக் கிடைக்கும்?' என்று கேட்கத் தொடங்கலாம்.

2022 இந்தக் கேள்வியை முழு நாட்டுக்கும் கொண்டுவந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 2020இலிருந்தே இருந்தன. புது மெசின் எட்டாத விலைக்குப் போனது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கொழும்பு பெற்றோல் வரிசையில் நின்றபோது வன்னியில் வயசானவர்கள், "நாங்கள் இதைக் கண்டாக்கள்" என்று சொன்னார்கள். அதில் கசப்பும் இருந்தது, கொஞ்சம் நிதானமும் இருந்தது. அந்த வருசம் திருத்தகங்களில் பழைய பொருட்கள் வரிசையாக நின்றன.

குளத்திடம் ஒரு பாடம்

வன்னி குளங்களின் நாடு. இரணைமடுவின் கட்டுமானம் 1902இல் தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் முடிந்து, பிறகு கட்டு பல தடவை உயர்த்தப்பட்டு, போருக்குப் பிறகும் பெரிய திருத்தம் கண்டது. குளக்கட்டில் கசிவு கண்டால் ஆரும் 'புதுக்குளம் எடுப்பம்' என்று சொல்வதில்லை. கசிவு எங்கே, மண் எப்படி, மழைக்கு முதல் அடைக்கலாமா என்றுதான் கேட்பார்கள். கமக்காரர் கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். ஏனென்றால் அது எல்லாருக்கும் சொந்தமான ஒன்று, உடைந்தால் எல்லாருக்கும் நட்டம்.

திருத்துகிற அறிவும் அப்படிப் பொதுவான ஒன்றாக மாற வேணும் என்பதுதான் எங்கட நிலைப்பாடு. அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கு, இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கு. ஏ9இல் வரிசையாகத் திருத்தகங்கள் இருக்கு. மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய ஆட்கள் இன்னும் உயிரோட இருக்கினம். இந்த நாலு பேரும் ஒரு மேசையில் இருந்து பேசுவது அரிது. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கும் இதில வேலை இருக்கு: அந்தக் கைகளின் அறிவை எழுதி வைப்பது.

அதனால வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டில தடைக்காலத்தைக் கடந்த ஒருவர் இருந்தால், அப்ப எதை எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்டு, ஒரு பொருளைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கோ. என்ன பொருள், என்ன பழுது, எந்தப் பாகம் இல்லை, பதிலுக்கு எதைப் போட்டார்கள், எத்தனை வருசம் ஓடியது. இந்த ஐந்து விபரம் போதும். மெசின் ஒழுகுகிற வீடுகளில் இருந்து வாற கடிதங்களையும் அதோட சேர்த்துப் போடுவம்.